லயத்தில் வாழ்ந்தவர் மட்டுமே லயத்தைப் பற்றிப் பேசலாமா?

வாசகர் ஒருவரின் கூற்று, 2024 ஒக்டோபர் 6

"தோட்டத்துச் சம்பளம், வீடு, குடி, பிள்ளைகளின் படிப்பு என்று எதைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் லயத்துக் காம்பராவில் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையில்) ஓர் இரவுகூடப் படுத்திராதவர்களே முதலில் கருத்துச் சொல்ல வருகிறார்கள். நான் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, வேலை தேடி வெளியேறும் வரை அங்கேயே இருந்தவன். பட்டவன் சொல்வதுதான் உண்மை, மற்றவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். இதை மறுப்பவர் உண்டா?"

ஒக்டோபர் 6, இரவு

மறுக்கிறேன், பாதியை மட்டும். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான், மஸ்கெலியாப் பக்கம். என் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்தார். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, அதே டிவிசனில், அதாவது தோட்டத்தின் அதே பிரிவில், கொழுந்து எடுத்தார். ஒருவர் தராசுக்கு அந்தப் பக்கம் நின்று நிறையை எழுதினார், மற்றவர் இந்தப் பக்கம் நின்று கொழுந்தை இறக்கினார். இருவரும் பட்டவர்களே. ஆயினும் சம்பளத்தைப் பற்றி இருவரும் ஒரு நாளும் ஒத்துப் பேசியதில்லை. பசறை நண்பர் இவர்களில் யார் சொல்வதைக் கேட்டுக்கொள்ளச் சொல்கிறார்?

ஒக்டோபர் 7

"கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளை அப்படித்தான் பேசும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விடிவதற்குள் வந்துவிடும் என்று எதிர்பார்த்தேன், மத்தியானம்தான் வந்தது. அவர் என்னைத் தாக்குவதாக எண்ணி என் கட்சியைத்தான் பலப்படுத்துகிறார். நான் எந்த வீட்டிலிருந்து பார்த்தேன் என்பது என் கருத்தில் படிந்திருக்கிறது என்றால், அவருடைய கருத்திலும் அவர் வீடு படிந்திருக்கத்தானே வேண்டும்?

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தை அறியாதவர்களுக்காக அங்கே நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். காலையிலும் மத்தியானத்திலும் மாலையிலும் கொழுந்தை நிறுப்பார்கள். நிறுத்த கிலோவிலிருந்து சாக்குக்கு, ஈரத்துக்கு, முற்றிய இலைக்கு என்று கொஞ்சம் கழித்துவிட்டே புத்தகத்தில் பதிவார்கள். மழை நாளில் கழிப்பதில் நியாயம் உண்டு, ஏனெனில் இலையோடு தண்ணீரும் நிறைக்கு வருகிறது. சின்னம்மாவின் கேள்வி வெயில் நாளைப் பற்றியது. மழைக்குக் கழித்த அளவையே வெயிலுக்கும் ஏன் கழிக்கிறார்கள் என்று அவர் கேட்பார். குறித்த கிலோ சேராவிட்டால் அன்று அவருக்கு அரைப்பேர்தான், அதாவது நாள் முழுவதும் மலையில் நின்றாலும் பாதிச் சம்பளந்தான். கழிக்கப்பட்ட இரண்டு மூன்று கிலோவினால் முழுப்பேர் அரைப்பேராக மாறும் மாலைகளில் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

அப்பாவின் கணக்கு வேறு. மடுவத்தில் எழுதிய நிறைக்கும் தொழிற்சாலையில் நிறுக்கும் நிறைக்கும் இடையில் இலை வாடி எடை குறையும். அந்த வித்தியாசம் கூடினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்துதான் ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கிறது; ஆகையால் மேலே இருப்பவர்கள் பச்சைக் கொழுந்தின் ஒவ்வொரு கிலோவையும் உற்று நோக்குகிறார்கள். நிறை குறைந்ததற்காக அலுவலகத்துக்கு அழைக்கப்பட்ட நாட்களில் அவர் இரவுச் சோறு உண்ணாமல் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். இதிலிருந்து அப்பா எடுத்த முடிவு, "ஒழுங்காக எடுத்தால் யாருக்கும் முழுப்பேர் கிடைக்கும்" என்பது. சின்னம்மா எடுத்த முடிவு, "எவ்வளவு எடுத்தாலும் அவர்கள் வைத்ததுதான் கணக்கு" என்பது. இரண்டும் அனுபவத்திலிருந்து வந்தவை. கழிக்க வேண்டிய அளவை நிர்ணயித்தவரை இருவருமே மடுவத்தில் கண்டதில்லை. ஆதலால் இருவரும் ஒருவரையொருவர் கோபித்துக்கொண்டார்கள்.

ஒக்டோபர் 9

தலவாக்கலை வாசகர் ஒருவர் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தால் (தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் பேசிச் செய்துகொள்வது) வந்தது என்று எழுதியதைத் திருத்த வேண்டும். 2019 ஜனவரியில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தம் அடிப்படை நாட்சம்பளத்தை 500 ரூபாயிலிருந்து 700 ரூபாயாக்கியது. ஆயிரம் வந்தது 2021 மார்ச்சில், அரசின் சம்பள நிர்ணய சபையின் வர்த்தமானி அறிவித்தல் மூலம்: அடிப்படை 900, வரவுசெலவுத் திட்ட நிவாரணப் படி 100. 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபாயும் சம்பள நிர்ணய சபை வழியாக வந்ததே. மேசையில் பேசி முடித்ததா, அரசு விதித்ததா என்பது சிறிய வேறுபாடு அன்று. ஒப்பந்தம் இல்லாத காலத்தில் நாளொன்றுக்கு எத்தனை கிலோ என்பதைத் தோட்டமே கூட்டியது என்று என் உறவினர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

ஒக்டோபர் 13

பசறை நண்பர் இப்போது சற்று இறங்கி வந்து, "தராசின் இரு பக்கங்கள் இருக்கலாம், ஆனால் தொழிலாளர் பக்கத்தில் அனுபவம் ஒன்றுதான்" என்கிறார். இதை எந்தத் தொழிலாளிப் பெண்ணிடமாவது கேட்டுவிட்டு எழுதினாரா?

1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பின்னர்தான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. சம்பளம் சமமானது, நாள் சமமாகவில்லை. எங்கள் டிவிசனில் கவ்வாத்துக்கோ (தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலைக்கோ) உரம் போடவோ போகும் ஆண்கள் மத்தியானத்துக்குச் சற்றுப் பின்னரே வீடு திரும்புவார்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் மாலை நிறுவை முடிந்த பிறகே இறங்குவார்கள், இறங்கியதும் பிள்ளை மடுவத்தில் விட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போவார்கள். சம்பள நாளில் மனைவியின் சம்பளத்தையும் கணவரே கைநீட்டி வாங்கிய வீடுகள் பல. அந்தக் கணவர்களிடம் தோட்ட வேலையைப் பற்றிக் கேட்டால் அவர்களும் பட்டதைத்தான் சொல்வார்கள், பொய்யில்லை. அவர்களுடைய நாள் இரண்டு மணிக்கு முடிந்துவிட்டது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள், ஏனெனில் அது அவர்களுக்குத் தெரிந்த முறையில் ஒரு செய்தியே ஆகாது.

இன்னும் ஒன்றைச் சொல்கிறேன். தேயிலை மலையில் மலசலகூடம் இல்லை. சின்னம்மா காலையில் ஒரு பிளேன்டீயோடு மலைக்குப் போனால் மத்தியானம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார். தாகம் இல்லாமல் அன்று. குடித்தால் எங்கே போவது என்பதற்காக. என் சிறு வயதில் எத்தனையோ தலைவர்கள் கூட்டம் போட்டுச் சம்பளம், வீடு, வாக்கு என்று பேசிக் கேட்டிருக்கிறேன். மேடையில் இருந்தவர்கள் ஆண்கள். இந்த விடயத்தை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. வெளியாரின் கேள்வித்தாளிலும் அது அந்நாளில் இருந்திராது. பிற்காலத்தில் சிறுநீரகக் கோளாறுக்காகச் சின்னம்மா வைத்தியரிடம் போனபோதுதான் வைத்தியர் முதல் கேள்வியாக, "எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள்?" என்று கேட்டார். அனுபவம் இல்லாமல் கேள்வியே பிறக்காத இடங்கள் இவை. பசறை நண்பருக்கு இவ்விடத்தில் நான் முழுவதும் உடன்படுகிறேன். யாருடைய அனுபவம் என்பதில்தான் தகராறு.

ஒக்டோபர் 14

அட்டைக் கடி எல்லாருக்கும் பொது அனுபவம்தானே என்று ஒருவர் கேட்கிறார். பொதுதான். பங்களாத் தொரையையும் அட்டை கடிக்கும். அவர் காலுறைக்கு மேல் தேடிப் பார்த்துவிட்டு ஏமாந்துபோகும் அட்டை எங்களிடம் நேரே வந்துவிடும், அவ்வளவே.

ஒக்டோபர் 20

முன்னர் எழுதியதற்கு எதிர்ப்பக்கமாக ஒன்று. அனுபவம் காட்டாத காரணங்கள் உண்டு.

எங்கள் டிவிசனுக்கு ஏறும் பாதை நான் பள்ளிக்கூடம் போன காலத்திலும் உடைந்துதான் கிடந்தது, என் மூத்த மகன் பிறந்த காலத்திலும் உடைந்துதான் கிடந்தது. பிரசவ வலி வந்தவர்களைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். ஊரில் எல்லாருக்கும் இதற்கான விளக்கம் இருந்தது: பிரதேச சபைக்கு நாம் வாக்குப் போட்டு அனுப்பியவர் நம்மை மறந்துவிட்டார். நானும் அப்படியே நம்பினேன். மறந்துபோன உறுப்பினர்களை எங்கள் கண்ணால் கண்டோம் அல்லவா?

பல ஆண்டுகளுக்குப் பின்னர், ஒரு செயலமர்வில், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைப் பற்றி ஒரு சட்டத்தரணி விளக்கினார். தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுவதற்கு அந்தப் பிரிவு தடையாக விளங்கியது. தோட்டம் தனியார் நிர்வாகத்தின் கீழ் இருக்கும் இடம், அதன் பாதை சபையின் பாதை ஆகாது. வாக்கு நம்முடையது, பாதை நம்முடையது இல்லை. 2018ஆம் ஆண்டில்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. மறதிக்கார உறுப்பினர்கள் இருந்தார்கள் என்பதை நான் இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் மறக்காதவர் ஒருவர் வந்திருந்தாலும் அந்தப் பாதைக்குக் கல் விழுந்திருப்பது கடினம். லயத்திலேயே நூறு ஆண்டு இருந்தாலும் 33ஆம் பிரிவு கண்ணுக்குத் தெரியாது. யாராவது ஒருவர் காகிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தரணி கொழும்பில் பிறந்தவர். லயத்தில் படுத்திராதவர்.

கடிதங்களும் அப்படியே. வீட்டுக்கு இலக்கம் இல்லை, தெருவுக்குப் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதங்கள் அலுவலகத்தில் இறங்கி, அங்கிருந்து யார் கையிலாவது சேர்ந்து, கடைசியில் கடையின் பலகையிலோ கோயில் திண்ணையிலோ கிடக்கும். என் சித்தப்பா மகனுக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பிறகே அவன் கைக்கு வந்தது. அவன் இன்றைக்கும் அதைத் தன் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்கிறான். அதே காரியம் எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நடந்திருக்கிறது என்று சொன்னால், "அவர்களுக்கும் அதிர்ஷ்டம் இல்லை" என்கிறான்.

ஒக்டோபர் 29

இன்று மீரியபெத்தை மண்சரிவு நடந்து பத்து ஆண்டுகள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தைக்கு அருகில் லயன்கள் மண்ணுக்குள் போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரித்திருந்தது.

இதை இந்த விவாதத்துக்குள் கொண்டுவருவதற்குத் தயங்கினேன். இறந்தவர்களை வாதத்துக்குச் சான்றாக நிறுத்துவது நல்லதன்று. ஆயினும் இது விலக முடியாத இடம். என் கணவரின் ஊர் பதுளை மாவட்டம். அங்கே இருந்த என் மாமியார், தங்கள் லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டைக் காட்டி, "நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இது அப்படியேதான் நிற்கிறது" என்பார். அவர் சொன்னது அனுபவம். எந்தத் துரும்பும் அசையாத நாற்பது ஆண்டு அனுபவம். மலை நகரும் நாள் அந்த அனுபவத்துக்குள் இருக்காது, இருந்தால் சொல்வதற்கு ஆள் இருக்க மாட்டார். எச்சரிக்கை வந்தால் மக்கள் ஏன் போகவில்லை என்று கேட்கும் நகரத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: எங்கே போவது என்பதையும் அந்த எச்சரிக்கையோடு சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். காணி தோட்டத்துடையது, லயம் தோட்டத்துடையது, வேலையும் அங்கேதான்.

பிற்பாடு மாமியாருக்கு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தது. எங்கள் குடும்பத்துக்குள் பெரிய சண்டை அப்போதுதான் தொடங்கியது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேரை வளர்த்த மாமியாருக்குப் புது வீடு பிடிக்கவில்லை. லயத்தில் அவருக்கு இரவில் நெஞ்சு வலித்தபோது முனகலைக் கேட்டு அடுத்த காம்பராவிலிருந்து ஆட்கள் வந்தார்கள், புது வீட்டில் கத்தினாலும் கேட்காது என்றார். என் ஓரகத்தியோ கல்யாணமான புதிதில் அதே காம்பராவின் அடுப்படியில், ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவர். சுவருக்கு அப்பால் முனகல் கேட்கிறது என்பதை மாமியார் ஆதரவாக நினைவுகூர்ந்தார். ஓரகத்திக்கு அதை நினைத்தாலே கூசும். "தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு" என்பதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுத்திட்டங்களைப் பற்றிய கூட்டங்களில் கிழவிகள் சொல்வதைப் பழைமைப் பற்று என்று தள்ளிவிடுகிறார்கள். நான் தனி வீட்டின் பக்கம்தான் நிற்கிறேன், காணி உறுதியோடு. இருந்தாலும் வீடுகளை மேட்டுக்கு ஒன்றாகச் சிதறடிக்காமல் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் கட்டலாம் என்ற யோசனை மாமியாரின் புலம்பலில் இருந்தது. அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 3

தீபாவளி முடிந்துவிட்டது, முற்பணமும் முடிந்திருக்கும். எதிர்பார்த்தபடி குடியைப் பற்றிய பேச்சு வந்திருக்கிறது. ஹட்டன் சகோதரர் ஒருவர், குடிதான் நம்மைக் கெடுத்தது, தவறணைகளை (மதுக்கடைகளை) மூடினால் எல்லாம் சரியாகும் என்று எழுதி, தன் தகப்பனாரின் கதையையும் சொல்லியிருக்கிறார். அந்தக் கதையோடு நான் வாதாட மாட்டேன். அவர் தாயார் வாங்கிய அடியை அவர் பார்த்தார், நான் பார்க்கவில்லை.

முடிவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் டிவிசனுக்கு அடிவாரத்தில் இருந்த தவறணையைப் பெண்கள் திரண்டு போராடி மூடவைத்தார்கள், நானும் அதில் நின்றேன். கொஞ்ச காலம் அமைதி. பிறகு கள்ளச் சாராயமான கசிப்பு வந்தது. அது தவறணையைவிட மலிவு, கடனுக்கும் கிடைத்தது, லயத்துக்குப் பின்னாலேயே கிடைத்தது. மூடியது தவறு என்று நான் சொல்லவில்லை. மூடிய பின்னர் என்ன செய்வது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் குடிகாரரை மனத்தில் வைத்துக்கொண்டே போராடினோம், மத்தியானத்திலேயே வேலை முடிந்து, மாலை வரை போவதற்கு ஓர் இடமில்லாத ஆண்களை ஒட்டுமொத்தமாக யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு வாசிகசாலை, ஒரு விளையாட்டு மைதானம் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றிருக்கும் என்பது வேறு விடயம்.

நவம்பர் 4

நுவரெலியாக்காரர் ஒருவரும் ஹட்டன்காரர் ஒருவரும் யாருடைய குளிர் கடுமையானது என்று நேற்றிரவு முழுவதும் வாதிட்டிருக்கிறார்கள். இருவரும் அனுபவத்தையே சான்றாகக் காட்டுகிறார்கள். வெப்பமானியை யாரும் காட்டவில்லை.

நவம்பர் 10

"நாடு" பற்றிப் பசறை நண்பர் எழுதியதை மூன்று முறை படித்தேன். இந்த மண் நமக்கு ஒன்றும் தரவில்லை, போனவர்கள் பிழைத்துக்கொண்டார்கள் என்கிறார்.

என் அம்மாயியின் வீட்டில் போனவரும் உண்டு, நின்றவரும் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்களை 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. அம்மாயியின் மூத்த மகன் தலைமன்னாரில் கப்பலேறி, கடைசியில் கூடலூருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் தேயிலைதான். அவர் எழுதிய கடிதங்களில் எங்கள் ஊர்ப் பீலிக்கரையும் காமன் கூத்தும் வராத கடிதமில்லை. அங்கே அவரைச் "சிலோன்காரன்" என்றே அழைத்தார்கள். இங்கே நின்ற இளைய மகன் அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு, "அண்ணன் தப்பித்துக்கொண்டு இப்போது பாசாங்கு செய்கிறார்" என்பார். அவருக்குக் குடியுரிமைக் காகிதம் கைக்கு வர எண்பதுகளின் இறுதி ஆகிவிட்டது, அதுவரை அவர் வாக்குப் போட்டதில்லை. ஒரே அடுப்பில் சோறு தின்றவர்கள். போனவர் நின்றவரைப் பொறாமையோடு எண்ணினார், நின்றவர் போனவரை.

ஆகவே போனவர்கள் பிழைத்துக்கொண்டார்கள் என்பதைப் போகாதவர் சொல்லும்போது அதில் எவ்வளவு அனுபவம், எவ்வளவு கற்பனை என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. பசறை நண்பரின் குடும்பத்தில் யாரும் போகவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

நவம்பர் 17

பசறை நண்பரிடமிருந்து தனியாக ஒரு கேள்வி. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் அவருடைய தங்கை மகளைக் கொழும்பில் ஒரு புடைவைக் கடை வேலைக்கு அழைக்கிறார்கள், அனுப்பலாமா என்று கேட்கிறார். இங்கேயே பதில் சொல்ல அவர் சம்மதித்தார்.

என் குடும்பத்திலிருந்து இரண்டு பெண்கள் அப்படிப் போனார்கள். ஒருத்தி மாதத்துக்குள் அழுதுகொண்டு திரும்பினாள். இரவு பத்து மணி வரை நிற்க வைத்தார்களாம், தங்குமிடம் கடைக்கு மேல் மாடியில் பூட்டிய அறை. மற்றவள் அங்கேயே நிலைத்து, கணக்கு எழுதக் கற்று, இப்போது தம்பியின் படிப்புக்குப் பணம் அனுப்புகிறாள். முதலாமவளின் தாய் யாரையும் அனுப்பாதே என்கிறார், இரண்டாமவளின் தாய் ஏன் இன்னும் தாமதம் என்கிறார். உங்கள் தங்கை இந்த இரண்டு தாய்மாரில் ஒருவரை மட்டும் சந்தித்தால் முடிவு அத்தோடு முடிந்தது. திரும்பி வந்த ஒருத்தியையும் நிலைத்துவிட்ட ஒருத்தியையும் பிள்ளையே நேரில் கண்டு பேசட்டும். நீங்களும் நானும் பேசுவதைவிட அது பயன்படும்.

வயதைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு: வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021இலிருந்து 16, அவளுக்கு அதனால் தடையில்லை. ஆனால் போவதற்கு முன் கடைக்காரரிடம் நியமனக் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். வேலை நேரம், விடுமுறை நாள், தங்குமிடத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்பவற்றையும் கேளுங்கள். சம்பளத்திலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் பிடிப்பார்கள். அதோடு முதலாளி தம் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தனியாக 3 வீதமும் செலுத்த வேண்டும். "பிடிக்காமல் முழுச் சம்பளத்தையும் கையிலேயே தருகிறோம்" என்று சலுகை போலச் சொன்னால் அந்தக் கடை வேண்டாம். சேர்ந்த முதல் மாதத்திலேயே அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அதை வீட்டுக்கும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கடிதமாக வேண்டாம், தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பட்டும்.